நல்ல தேதி

மார்ச் 3

வாயாடிக்கு,

போனில் என் எண்ணை அடைத்துவிட்டாய். ஏழெட்டுத் தடவை அடித்துப் பார்த்தேன். ஒரு மணி அடித்ததும் நின்றுபோகிறது. தபால்காரரை உன்னால் அடைக்க முடியாது இல்லையா, அதனால் உன் விடுதி விலாசத்துக்கு எழுதுகிறேன். காகிதம் வாலுவின் கணக்கு நோட்டிலிருந்து கிழித்தது. அவளுக்குத் தெரிந்தால் அதற்கும் ஒரு சண்டை போடுவாள்.

அத்தை போய் ஆறு வாரம் ஆகிறது. அன்றைக்கு வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது நீ சமையலறைக் குப்பைக் கூடையைக் கிளறி அந்த லேபிளை எடுத்தாய். எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்து, "பாருங்க, டிசம்பர் ரெண்டாம் தேதியோட முடிஞ்ச கறி! ஒன்றரை மாசம் கழிச்சு இதைப் போட்டு எங்கம்மாவைக் கொன்னுட்டாங்க!" என்று கத்தினாய். பெற்றவளைப் பறிகொடுத்தவள் கத்தத்தான் செய்வாள் என்று நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது நியாயம் கேட்கவும் எழுதவில்லை.

உன் அண்ணன் என் கையால் தண்ணீர்கூட வாங்குவதில்லை. பஸ் டிப்போ கேண்டீனில் சாப்பிட்டுவிட்டு வாலுவுக்கும் ஒரு பொட்டலம் வாங்கி வருகிறார். அதையாவது பொறுத்துக்கொள்வேன். வாலு இருக்கிறாளே, ஒன்பது வயது, சோற்றுக்கு முன்னால் அப்பளம் காலி பண்ணுகிற பிள்ளை, அவள் நான் எதைக் கொடுத்தாலும் மோந்து பார்க்கிறாள். சூப் வைத்த அன்றைக்கு அத்தையின் கிண்ணத்திலிருந்து இரண்டு வாய் குடித்துவிட்டு அவளும் இரண்டு நாள் வாந்தி எடுத்தாள், உனக்கே தெரியும். நேற்று பால் காய்ச்சிக் கொடுத்தேன். டம்ளரை மூக்குக்கிட்டக் கொண்டுபோய்விட்டு, "வேணாம்மா, பசிக்கல" என்றாள். அரை மணி கழித்துப் பார்த்தால் குழாயில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறாள்.

தையல் கூடத்திலும் அப்படித்தான். மதியம் வட்டமாக உட்கார்ந்துதான் சாப்பிடுவோம். இப்போது நான் உட்கார்ந்ததும் மற்றவர்கள் டிபன் டப்பாவை ஒரு விரல்கடை தள்ளி வைத்துக்கொள்கிறார்கள்.

உன் அண்ணன் உன் பேச்சைத்தான் கேட்பார். "அண்ணி வேணும்னு செய்யல" என்று ஒரே ஒரு வார்த்தை அவரிடம் சொல். பிள்ளைக்குச் சோறு போட எனக்கு அது போதும்.

அண்ணி


மார்ச் 11

கடிதம் கிடைத்தது.

வேண்டுமென்று செய்தீர்கள் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. அசட்டையாகச் செய்தீர்கள் என்றேன். இப்போதும் அதைத்தான் சொல்கிறேன்.

கறியை உறையவைத்துப் பையில் போடும் தொழிற்சாலையில் நாலு வருஷமாக லேபிள் மேஜையில் நிற்கிறேன். ஒரு நாளைக்கு இரண்டாயிரம் பைக்குத் தேதி ஒட்டுகிறவள் நான். என் வீட்டிலேயே தேதியைப் பார்க்காமல் அடுப்பில் ஏற்றினால் நான் யாரிடம் போய்ச் சொல்வது? கெட்டுப்போன சாப்பாட்டால் வாந்திபேதி, அதில் நீர் வற்றிச் சிறுநீரகம் நின்றுபோனது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தத் தாளை அண்ணன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன்.

அண்ணனிடம் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. மறுபடி எழுத வேண்டாம்.


மார்ச் 16

வாயாடி,

ஒரு பக்கக் கடிதத்தில் ஓரிடத்தில்கூட நீ "அண்ணி" என்று எழுதவில்லை. இரண்டு தடவை தேடிப் பார்த்தேன்.

எழுத வேண்டாம் என்றாய், எழுதுகிறேன். அன்றைக்குச் சொல்லாததை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். பிறகு உன் இஷ்டம்.

எங்கள் ஃப்ரீசரில் இரண்டு பை இருந்தது. ஒன்று உன் அண்ணன் எப்போதோ கடையில் வாங்கியது, டிசம்பர் 2 போட்டது. இன்னொன்று ஜனவரி 11ஆம் தேதி நீ வந்தபோது கொண்டுவந்தது. "எங்க கம்பெனிச் சரக்கு அண்ணி, அம்மாவுக்கு சூப் வெச்சுக் குடுங்க, நல்ல தேதி, நவம்பர் வரைக்கும் இருக்கு" என்று நீயே உன் கையால் ஃப்ரீசரில் வைத்தாய்.

17ஆம் தேதி சனிக்கிழமை இரண்டையும் சமைத்தேன். அத்தைக்குப் பல் இல்லை, அவருக்குத் தனியாக சூப்தான் எப்போதும். வயதானவர் வயிற்றுக்குத் தேதி தாண்டினது எதற்கு என்று உன் பையில் பாதியை எடுத்து அவருக்கு வைத்தேன். பழையதைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. அதை எனக்கு வதக்கிக்கொண்டேன். உன் அண்ணனுக்கு அன்று டிப்போவில் முழுநாள் வேலை. நான் ஒருத்தியே மத்தியானமும் சாயங்காலமும் அதைத்தான் தின்றேன். ருசி இல்லை, காய்ந்த நார் மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

பழையதைத் தின்னலாம் என்று எனக்குச் சொன்னது யார் தெரியுமா? நீதான். போன வருஷம் இதே சமையலறையில் மேடைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, "தேதி தாண்டினா மறுநாளே விஷமாயிடாது அண்ணி. இடையில இளகாம கெட்டியா உறைஞ்சே இருந்தா சத்தியமா ஒண்ணும் ஆகாது, ருசிதான் குறையும்" என்றாய். மறந்துவிட்டாயா?

நீ எடுத்துக் காட்டினது நான் தின்ற பையின் லேபிள். நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன்.

இதை ஏன் அன்றே சொல்லவில்லை என்று கேட்பாய். அத்தை கூடத்தில் கிடக்கிறார், நீ தலைவிரி கோலமாக நிற்கிறாய். நீ கொண்டுவந்ததைத்தான் அத்தைக்கு வைத்தேன் என்று உன் முகத்துக்கு முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதோடு, நானும் உன் பேச்சை நம்பிவிட்டேன். ஒரே பலகையில் வெட்டிவிட்டேனோ, அதற்குப் போட்ட கரண்டியை இதற்குப் போட்டேனோ என்று ஒன்றரை மாதம் என்னையே குடைந்துகொண்டிருந்தேன். போன வாரம்தான் காலர் தைத்துக்கொண்டே இருக்கும்போது உறைத்தது: பலகையில் ஒட்டிய கறியே அத்தனை பேதி கொடுக்குமென்றால், முழுப் பையையும் தின்றவளுக்கு என்ன ஆகியிருக்க வேண்டும்?

உன்னைக் குற்றம் சொல்லவில்லை. எனக்குப் புரியவில்லை. உனக்குப் புரிந்தால் சொல்.

அண்ணி


மார்ச் 20

கேட்பதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

நான் கொடுத்த பையை எப்படி இளகவைத்தீர்கள்? வெளியே மேடையில் வைத்தீர்களா?

அந்த வாரம் வீட்டில் கரண்ட் போனதா? ஃப்ரிட்ஜ் கதவு சரியாக மூடாமல் இருந்ததா?

பையைக் கையில் எடுத்தபோது கறித்துண்டு தனித்தனியாக இருந்ததா, ஒட்டி இருந்ததா?

மீதிப் பாதி எங்கே?


மார்ச் 25

வாயாடிக்கு,

போலீஸ்காரர்கூட இப்படிக் கேட்க மாட்டார். சரி.

வெள்ளிக்கிழமையே எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் பாத்திரத்தில் வைத்துத்தான் இளகவைத்தேன், நீ சொல்லிக் கொடுத்த மாதிரியே. கரண்ட் போகவில்லை. கதவு நன்றாகத்தான் மூடும். ஐஸ்கட்டி ஒரு நாளும் கரைந்ததில்லை.

மூன்றாவது கேள்விக்கு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, காரணம் அன்றைக்கே எனக்கு அது விநோதமாக இருந்தது. பழைய பையைக் குலுக்கினால் கூழாங்கல் மாதிரி கலகலவென்றது. துண்டு துண்டாக, ஓரத்தில் வெள்ளை பூத்து, வறண்டு கிடந்தது. உன் பை அப்படி இல்லை. எல்லாம் சேர்ந்து ஒரே பாறை. பையின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குச் சிவப்பாக ஐஸ் கட்டியிருந்தது. உடைக்க முடியாமல் குழவியால் தட்டித்தான் பாதியைப் பிரித்தேன். புதுச் சரக்கு, ஈரம் ஜாஸ்தி போல என்று நினைத்துக்கொண்டேன்.

மீதிப் பாதி ஃப்ரீசரில்தான் இருக்கிறது, லேபிளோடு. அதன்பிறகு அந்தக் கதவைத் திறக்கவே எனக்குக் கை வரவில்லை.

ஏன் கேட்டாய்?

அண்ணி


ஏப்ரல் 13

வாயாடி,

மூன்று வாரம் ஆகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. வாயாடி என்று பேர் வைத்தவர் உன் அம்மா. இன்றைக்கு இருந்திருந்தால் பேரை மாற்றியிருப்பார்.

நீ எழுதாவிட்டாலும் இங்கே நடப்பது நடக்கிறது. பரீட்சை முடிந்ததும் வாலுவை விடுதிப் பள்ளியில் சேர்க்கப் போவதாக உன் அண்ணன் சொல்லிவிட்டார். "அங்கயாவது பயமில்லாம சாப்பிடட்டும்" என்றார். நான் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தேன், ஆனால் சுவரிடம் பேசுவதுபோல் பேசினார். பத்து வருஷம் குடித்தனம் பண்ணினவர். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

கேண்டீன் பொட்டலம் அலுத்துப்போய் அவரே சமைக்கக் கிளம்பியிருக்கிறார். ஸ்பேனர் பிடிக்கிற கை, வெங்காயத்தை நட்டு கழற்றுகிற மாதிரி உரிக்கிறது. சிரிக்கலாம் என்றால் சிரிக்க ஆள் இல்லை. நேற்று ஃப்ரீசரைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேதி பார்த்தார். தேதி தாண்டின பட்டாணி, மீன், எல்லாம் குப்பைக்குப் போனது. உன் பையின் மீதிப் பாதியை மட்டும் திரும்ப வைத்தார். "இது ஒண்ணுதான் ஒழுங்கா இருக்கு, நவம்பர் வரைக்கும்" என்று வாலுவிடம் காட்டினார். "வர்ற ஞாயித்துக்கிழமை அப்பா உனக்கு சூப் வெச்சுத் தரேன்."

அது வேண்டாம் என்று சொன்னேன். "நீ பேசாத" என்றார். ஏன் வேண்டாம் என்று சொல்ல என்னிடம் காரணம் இல்லை. சிவப்பு ஐஸ் என்று சொன்னால் யார் கேட்பார்கள்? தேதி அவர் பக்கம் இருக்கிறது.

உனக்கு ஏதோ தெரியும். அந்த நாலு கேள்வியும் தெரிந்தவள் கேட்கிற கேள்வி. ஞாயிறு 19ஆம் தேதி.

அண்ணி


ஏப்ரல் 20

அண்ணி,

நேற்று காலை போனில் அண்ணனிடம் மூன்று வார்த்தைதான் சொன்னேன்: "அந்தப் பையைத் தொடாதே." ஏன் என்று கேட்டார். "நல்ல தேதிதானே போட்டிருக்கு, நீ கொண்டுவந்ததுதானே?" என்றார். நான் வைத்துவிட்டேன். மீதியைப் பேசினால் பாதியில் அழுது நிறுத்திவிடுவேன் என்று எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் சனிக்கிழமை சாயங்காலம் வந்தது. ஞாயிறு காலை வரைக்கும் நான் போனை எடுக்கவில்லை, அண்ணி. அதையும் எழுதிவிடுகிறேன். ஒரு முழு இராத்திரி யோசித்தேன்.

ஜனவரி முதல் வாரம், சனிக்கிழமை வேலை முடிந்து பூட்டிவிட்டுப் போனோம். அதற்கப்புறம் இரண்டாம் நம்பர் குளிர் அறையின் கம்ப்ரஸர் நின்றுபோயிருக்கிறது. ஞாயிறு யாரும் வரவில்லை. திங்கள் காலை கதவுக்கு அடியில் தண்ணீர் வந்து காலணி நனைந்தது. உள்ளே போனால் கதகதவென்று இருந்தது. பையை அமுக்கினால் விரல் உள்ளே போனது. ஒரு நாளும் அந்த அறையில் வராத வாடை.

அந்த அறைச் சரக்கு முழுவதையும் அழித்துவிட வேண்டும், அதுதான் விதி. எங்கள் மேற்பார்வையாளர், நாங்கள் கண்ணாடிக்காரர் என்று சொல்வோம், அழிக்க விடவில்லை. "மறுபடி உறைஞ்சா பழைய மாதிரி ஆயிடும். அந்தக் குளிர்ல எந்தக் கிருமிம்மா உசிரோட இருக்கும்?" என்றார். எல்லாவற்றையும் துடைத்து ஒன்றாம் நம்பர் அறையில் போட்டோம். பழைய லேபிளில் அறை எண் இருக்கும், அதனால் அதைக் கிழித்துவிட்டுப் புது லேபிள் ஒட்டச் சொன்னார். புது அறை எண், புதுத் தேதி. நவம்பர்.

ஒட்டினது நான். நகத்தால் சுரண்டிச் சுரண்டி இரண்டு கட்டைவிரலும் புண்ணாகிவிட்டது. அந்த வாரக் கடைசியில் எங்கள் மேஜைக்காரர்களுக்கு ஆளுக்கு ஒரு பை இனாமாகக் கொடுத்தார்கள். வாயை அடைக்கத்தான், வேறென்ன. எனக்குக் கறி வாடை ஆகாது, உங்களுக்குத் தெரியும். அம்மாவுக்குக் கொண்டுவந்தேன்.

தெரிந்தே கொண்டுவந்தேனா என்று கேட்பீர்கள். மூன்று மாதமாக நானும் அதைத்தான் கேட்டுக்கொள்கிறேன். பஸ்ஸில் வரும்போது பை என் மடியில் இருந்தது. நவம்பர் என்று போட்டிருந்தது. அழகாக, நேராக, சுருக்கம் இல்லாமல் ஒட்டியிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அது புதுச் சரக்காகவே தெரிந்தது. என் கையால் ஒட்டின பொய்த் தேதியை நானே நம்பிவிட்டேன், அண்ணி. இப்படி ஒரு முட்டாள் எங்காவது உண்டா?

கொதிக்கவைத்தால் எல்லாம் செத்துவிடும் என்று நினைத்திருப்பீர்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். கிருமி சாகும். இளகிக் கிடந்த நேரத்தில் அது கக்கிவைத்த விஷம் சில சமயம் எவ்வளவு கொதித்தாலும் போகாதாம். இப்போதுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நீங்கள் எப்படிச் சமைத்திருந்தாலும் அம்மாவைக் காப்பாற்றியிருக்க முடியாது.

இனி எழுதப்போவதைப் படித்தால் என்னைக் காறித் துப்புவீர்கள். அம்மா வாந்தி எடுக்கிறார் என்று அண்ணன் போன் செய்த அன்றே எனக்குச் சந்தேகம் வந்தது. வண்டியில் வரும் வழியெல்லாம் அந்தப் பைதான் கண்ணில் நின்றது. வீட்டுக்கு வந்ததும் அழக்கூடச் செய்யாமல் நேரே குப்பைக் கூடைக்குத்தான் போனேன். நவம்பர் என்ற லேபிள் கிடைக்கக் கூடாது என்று தேடினேன். டிசம்பர் 2 கிடைத்தது. அதைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது, அண்ணி. அம்மா கூடத்தில் கிடக்கும்போது நிம்மதி. அந்த நிம்மதியில்தான் அப்படிக் கத்தினேன்.

இப்போது எல்லாம் எழுதிவிட்டேன். அண்ணனிடம் மட்டும் காட்டாதீர்கள். அவர் என் முகத்தில் முழிக்க மாட்டார். அம்மா போன பிறகு எனக்கு அவர் ஒருத்தர்தான். கண்ணாடிக்காரருக்குத் தெரிந்தால் வேலையும் போய்விடும், என்னையும் உள்ளே தள்ளுவார்கள். நான் வேறு ஏதாவது சொல்லி அண்ணனைச் சமாதானம் செய்கிறேன். படித்ததும் கொளுத்திவிடுங்கள்.

வாயாடி


ஏப்ரல் 26

வாயாடி,

கொளுத்தவில்லை.

உன் போன் வந்தபோது அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. பை தொட்டியில் இளகிக்கொண்டிருந்தது. வாலு கிண்ணத்தையும் கரண்டியையும் வைத்துக்கொண்டு மேஜையில் காத்திருந்தாள். மூன்று மாதத்தில் அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சிரித்த முகமாக இருந்தாள். இன்னும் பத்து நிமிஷம் நீ யோசித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

உன் அண்ணன் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அவளையும் நீ பிடிச்சிட்டியா?" என்றார். நான் உன்னைத் தூண்டிவிட்டேனாம். அவர் சமைப்பது எனக்குப் பொறுக்கவில்லையாம். பையைக் குப்பையில் வீசிவிட்டு வெளியே போய்விட்டார். நான் அதை எடுத்துத் துடைத்து, இரண்டு கவரில் சுற்றி, பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு, மேலே "தொடாதே" என்று எழுதி மறுபடி ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன்.

நீ அம்மாவுக்குக் கொண்டுவந்ததை என்னால் மன்னிக்க முடியும். பாசத்தோடு கொண்டுவந்தாய், முட்டாள்தனமாகக் கொண்டுவந்தாய். அந்த லேபிளைக் கண்டதும் நிம்மதி வந்தது என்றாயே, அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. அந்த ஒரு நிமிஷ நிம்மதிக்கு நான் மூன்று மாதமாக என் வீட்டிலேயே கொலைகாரியாக நடமாடுகிறேன். என் பிள்ளை என்னிடம் பால் வாங்கக் கூசுகிறது. எனக்கு உன்மேல் அவ்வளவு கோபம் இருக்கிறது, எழுதும்போது பேனா காகிதத்தைக் கிழிக்கிறது, பார்.

உன் கடிதத்தை உன் அண்ணனிடம் நான் காட்ட மாட்டேன். உனக்காக அல்ல. காட்டினால் நான்தான் எழுத வைத்தேன் என்பார். நீயே சொல்ல வேண்டும், உன் கையெழுத்தில், அவர் பேர் போட்டு.

இன்னொன்று. உன் நாலு பக்கத்தில் என்னைப் பற்றி இருக்கிறது, அத்தையைப் பற்றி இருக்கிறது, உன் வேலையைப் பற்றி இருக்கிறது. அந்த அறையில் இருந்த மற்றப் பைகளைப் பற்றி ஒரு வரி இல்லை. அதெல்லாம் யார் வீட்டுக்குப் போனது? நவம்பர் வரைக்கும் நல்ல தேதி என்று யார் யார் வீட்டு ஃப்ரீசரில் இருக்கிறது? அந்த வீட்டிலும் ஒரு மருமகள் இருப்பாள்.

அண்ணி


மே 6

அண்ணி,

எங்கள் மேஜையில் ஒரு வழக்கம் உண்டு. கிழித்த லேபிளைக் கீழே போடக் கூடாது, ஒரு அட்டையில் ஒட்டி வேலை முடிந்ததும் கணக்குக் காட்ட வேண்டும். அந்தத் திங்கட்கிழமை, "இன்னைக்கு அட்டை வேணாம், எரிச்சிடு" என்று கண்ணாடிக்காரர் சொன்னார். ஆனால் நாலு வருஷப் பழக்கம், என் கை அதுபாட்டுக்கு ஒட்டிக்கொண்டே போனது. ஒன்பது அட்டை. சாயங்காலம் எரிக்கவும் மனசு இல்லாமல் விடுதிக் கட்டிலுக்கு அடியில் பெட்டியில் போட்டேன்.

இந்தத் திங்கட்கிழமை அந்த ஒன்பது அட்டையையும் உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். கையெழுத்துப் போட்டுத்தான் கொடுத்தேன். அங்கிருந்த அம்மாள் ஒவ்வொரு அட்டையாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நாள் ஏம்மா வரல?" என்று மட்டும் கேட்டார்.

குளிர் அறையைப் பூட்டி சீல் வைத்திருக்கிறார்கள். கடைகளிலிருந்து பைகளைத் திரும்ப எடுக்கிறார்கள். பாதிக்குமேல் விற்றுப்போய்விட்டதாம். என் பக்கத்துக் கட்டில்காரி ஜனவரியில் இரண்டு நாள் வயிற்றுப்போக்கில் கிடந்தாள், தண்ணீர்தான் காரணம் என்று நினைத்தோம். இப்போது அவள் என்னிடம் பேசுவதில்லை. வேலை போய்விட்டது. விடுதியை வெள்ளிக்கிழமை காலி செய்ய வேண்டும். விசாரணைக்குக் கூப்பிடுவார்கள், கூப்பிட்டால் போவேன்.

உங்கள் வீட்டுக்கும் ஒரு அதிகாரி வருவார். பிஸ்கட் டப்பாவைக் கொடுத்துவிடுங்கள்.

உள்ளே ஒட்டிய கவர் அண்ணனுக்கு. நீங்களே படித்துப் பார்க்கலாம் என்று எழுத நினைத்தேன். வேண்டாம், அதில் உங்களுக்கு எழுதாத எதுவும் இல்லை.

வாயாடி


மே 17

வாயாடி,

அதிகாரி செவ்வாய்க்கிழமை வந்தார். டப்பாவை அப்படியே ஐஸ் பெட்டியில் வைத்து மூடிச் சீட்டு ஒட்டினார். அன்றைய தேதியை எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். ஐஸ் பெட்டி மேலேயே வைத்து எழுதினதில் தேதி கோணலாக விழுந்தது. "பரவால்லம்மா, இது நெஜத் தேதிதானே" என்றார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார்.

உன் கவரை உன் அண்ணனிடம் அதற்கு முன்தினமே கொடுத்துவிட்டேன். சமையலறையில் நின்றபடியே படித்தார். முடித்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு கீழே தரையில் உட்கார்ந்துவிட்டார். சட்டைப் பையிலிருந்து அந்த டாக்டர் தாளை எடுத்து மடிப்பைப் பிரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் பக்கத்தில் போகவில்லை.

மறுநாள் டிப்போவிலிருந்து பொட்டலம் இல்லாமல் வந்தார். "சாப்பாடு போடு" என்றார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. இரண்டாவது தடவையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். விடுதிப் பள்ளிப் பேச்சை எடுக்கவில்லை. உன்னைப் பற்றிக் கேட்டேன். "இப்ப வேணாம்" என்றார். எப்போது என்று எனக்குத் தெரியாது.

அப்பா சாப்பிட்டதைப் பார்த்துவிட்டு வாலுவும் தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கிட்டத்தட்ட நாலு மாதத்துக்குப் பிறகு என் பிள்ளைக்குச் சோறு போட்டேன். சோறும் முட்டையும்தான். பிசைந்து உருட்டினாள். வாயருகே கொண்டுபோனவள் நிறுத்திவிட்டு, அந்த உருண்டையை என்னிடம் நீட்டினாள்.

"முதல்ல நீ சாப்பிடும்மா" என்றாள்.

சாப்பிட்டேன். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். கையைத் தட்டில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். உன் அண்ணன் எழுந்து அந்தப் பக்கம் போய்விட்டார். பெரிய முள் பாதி வட்டம் சுற்றி வந்தது, சோறு ஆறிப்போனது. அதற்கப்புறம்தான் அவள் சாப்பிட்டாள். ஐந்து நாளாக ஒவ்வொரு வேளையும் இப்படித்தான் நடக்கிறது.

நீ எங்கே தங்கியிருக்கிறாய் என்று தெரியாததால் இதை உன் பழைய விலாசத்துக்கே அனுப்புகிறேன், கிடைக்குமோ என்னவோ. விசாரணை முடிந்து போக இடமில்லை என்றால் இங்கே வா. உன்மேல் கோபம் தீர்ந்துவிட்டது என்று எழுத மாட்டேன், அது பொய்த் தேதி போடுகிற மாதிரி. ஆனால் உனக்கும் ஒரு தட்டு வைப்பேன். வாலுவுக்கு முன்னால் உட்கார். முதல் உருண்டையை அவள் யாரிடம் நீட்டுகிறாள் என்று பார்ப்போம். உன்னிடம் நீட்டினால் மறுக்காமல் வாங்கிச் சாப்பிடு. சாப்பிட்டுவிட்டு அரை மணி நேரம் அவளோடு அந்தக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திரு.

அண்ணி